வெள்ளலூர்க் காசும் வள்ளுவர் சமயமும்: ஏதுப்போலி பற்றி ஒரு திறனாய்வு

கொங்கு நாட்டில் ஊழியம் செய்வோரிடையே வாதத் தொடர் ஒன்று நெடுநாளாக வழங்கி வருகிறது. கோவைக்கு அருகே வெள்ளலூரில் உரோமப் பேரரசர் அகுஸ்துவின் காசுகளும் திபேரியுவின் காசுகளும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. ஆகவே ஆண்டவர் இவ்வுலகில் நடமாடிய நாளிலேயே மேல்நாட்டார் இங்கு வந்து போயினர். ஆகவே திருத்தூதர் தோமாவும் இவ்வழியே வந்தார். ஆகவே மயிலையில் வாழ்ந்த திருவள்ளுவர் அவருடைய போதனையைக் கேட்டார். ஆகவே திருக்குறள் கிறிஸ்தவ நூல். இவ்வாதத்தைச் சிலர் முழுதும் சொல்வர். சிலர் இரண்டொரு கண்ணியை மட்டும் சொல்லி எஞ்சியதைக் கேட்போரின் மனத்துக்கு விட்டுவிடுவர். இத்தொடரில் ‘ஆகவே’ என்னும் சொல் நான்கு முறை வருகிறது. அந்நான்கையும் வழியில் நிறுத்தி வினவுவதே நாம் ஈண்டு மேற்கொள்ளும் பணி.

இவ்வாதம் பிறந்த காரணத்தை முதலில் பரிவோடு நோக்க வேண்டும். கோவையில் லண்டன் மிஷன் பணியை ஆடிஸ் ஐயர் தொடங்கியது 1830ஆம் ஆண்டில். அன்று முதல் இன்று வரை, ‘உங்கள் சமயம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது’ என்னும் சொல்லை நம் சபை மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். பள்ளியில், சந்தையில், உறவினர் வீட்டுத் திருமணத்தில் இச்சொல் அவர்களைக் குத்துகிறது. பழைமையே பெருமை என்று கருதும் நாட்டில், இருநூறு ஆண்டு நிரம்பாத சபை வரலாறு எளியதாகத் தோன்றுகிறது. ஆதலால் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை தரும் வாதம் ஒன்று கிடைத்தால் அதை உரசிப் பார்க்காமலே பையில் போட்டுக்கொள்கிறோம். நமக்கு உவப்பான முடிபைத் தரும் வாதத்தின்மீதே நம் கண் மிகக் கூர்மையாகப் பதிய வேண்டும். நடப்பதோ இதற்கு நேர்மாறு.

காசுகளைப் பற்றிய செய்தி உண்மை, அதில் ஐயமில்லை. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் மட்டும் 500க்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை திபேரியு, அகுஸ்து ஆகிய இருவருடையவை. அவ்வூரில் பின்னரும் காசுகள் கிடைத்தன. பொள்ளாச்சி, கத்தாங்கண்ணி, கரூர் முதலிய இடங்களும் இவ்வகைக் கண்டெடுப்புக்குப் பெயர் பெற்றவை. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கினுள் புகுந்து, நொய்யல் ஆற்றை ஒட்டிக் கரூருக்கும் அப்பால் காவிரி வெளிக்கும் சென்ற பெருவழி ஒன்று இருந்ததை இப்புதையல்களின் வரிசையே காட்டுகிறது. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் அவ்வழியில் விற்பனையானவை எவை என்பதையும் காட்டின. பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றை அறுத்து மணியாக்கிய பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் அங்கு வெளிப்பட்டன. படியூர்ப் பச்சைக்கல்லும் சேர நாட்டு மிளகும் மேற்கே சென்றன. வெள்ளியும் பொன்னும் கிழக்கே வந்தன. இந்தியா ஆண்டுதோறும் பேரரசின் செல்வத்தில் 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது என்று மூத்த பிளினி குறைபட்டுக்கொண்டது இவ்வாணிகத்தைப் பற்றியே.

ஆகவே முதல் ‘ஆகவே’ ஓரளவு நிற்கிறது. ஓரளவு என்று நாம் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெள்ளலூர் மண்ணில் புதைந்த காசை அங்குக் கொண்டு வந்தவன் உரோமனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காசு கை மாறும் பொருள். முசிறியில் கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளி, சேர நாட்டு வணிகன் கையிலும், கொங்கு மணிக்கொல்லன் கையிலும், அவனுக்கு நெல் விற்ற உழவன் கையிலும் புரண்டிருக்கக்கூடும். மேலும், ஒரு காசில் திபேரியுவின் தலை இருப்பதால் அக்காசு திபேரியுவின் ஆட்சியில்தான் வந்தது என்றும் கொள்ள முடியாது. கி.பி. 64இல் நீரோ காசின் தரத்தைக் குறைத்த பின், இந்திய வணிகர் பழைய நற்காசுகளையே விரும்பி வாங்கினர் என்பது நாணய அறிஞர் பலருடைய கருத்து. காசு அடிக்கப்பட்ட நாள் ஒன்று. கடல் கடந்த நாள் வேறு. புதைக்கப்பட்ட நாள் மற்றொன்று.

இனி, வாதங்களை உரசிப் பார்க்கும் கருவி ஒன்று நமக்கு வேண்டும். மேல்நாட்டுத் தருக்க நூல்களில் அதைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நூலைக் கற்பிக்கிறார். அருமையான காப்பியத்தின் நடுவில் இத்தருக்கப் பாடம் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் தமிழாசிரியர்களை நாம் அறிவோம். நம் கருத்தில், தமிழ் இலக்கியத்திலேயே போதகர் ஒருவருக்கு மிகவும் பயன்படும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. வாதத்துக்கு மூன்று உறுப்புகளை அடிகள் வேண்டுகிறார். நிறுவப்படும் கூற்று ‘பக்கம்’. அதற்குக் காட்டும் காரணம் ‘ஏது’. அக்காரணத்துக்கும் கூற்றுக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கும் எடுத்துக்காட்டு ‘திட்டாந்தம்’. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை காணப்படுவதால் என்பது ஏது. அடுக்களையில் போல என்பது திட்டாந்தம். இம்மூன்றும் கெடும் வகைகளை எண்ணி, பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று அக்காதை வகுக்கிறது. ‘போலி’ என்ற சொல்லின் நுட்பத்தை நோக்குக. பார்வைக்கு ஏது போலவே இருக்கும். ஏதுவின் வேலையை மட்டும் செய்யாது.

அவற்றுள் ஒன்று கோவைவாழ் மக்களுக்கு விளக்கமே வேண்டாதது. புகையா பனியா என்று துணிய முடியாத ஒன்றைக் கண்டு, நெருப்பு உண்டு என்று துணிவது ‘சித்தாசித்தம்’ என்னும் போலி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கே வெள்ளியங்கிரி மலையை நோக்கினால், சரிவுகளில் வெண்மையாக எழுவது மேகமா, காட்டுத் தீயின் புகையா என்று இங்கிருந்து சொல்ல இயலாது. ஐயத்துக்கு இடமானதையே உறுதியான ஏதுவாக வைப்பது பிழை. மற்றொன்று ‘சாதாரணம்’ என்பது. காட்டிய காரணம், நாம் நிறுவ விரும்பும் பொருளிடத்தும் அதற்கு மாறான பொருளிடத்தும் ஒன்றுபோல் காணப்படுமாயின், அது இரண்டில் எதையும் நிறுவாது. ஒருவர் வெள்ளாடை அணிந்துள்ளார், ஆகவே அவர் போதகர் என்றால், வெள்ளாடை அணிந்தோர் அனைவரும் எழுந்து நிற்பர் அன்றோ!

இரண்டாவது ‘ஆகவே’ இந்தச் சாதாரணப் போலியைச் சார்ந்தது. உரோமக் காசு ஆந்திரப் பகுதியிலும் இலங்கையிலும் கிடைத்திருக்கிறது. அதனால் மட்டும் அங்கெல்லாம் தோமா சென்றார் என்று ஆகிவிடாது. வாணிகவழி திறந்திருந்தது என்பது தூதர் வந்திருக்கக்கூடும் என்பதற்குச் சான்று. வந்தார் என்பதற்கு அன்று. வழி இருந்தது என்பதும் வழியில் நடந்தார் என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு தெரியாதவர் எவரும் இலர். ஆயினும் அது நம் எழுத்துகளில் மறைந்து போகிறது. எப்படி மறைகிறது என்பதைக் காண வேண்டுமாயின் தமிழ் வினைமுற்றுகளைக் கவனிக்க வேண்டும். இவ்வகைக் கட்டுரைகளின் முதற் பத்தியில் தூதர் கணவாய் வழியே ‘வந்திருக்கலாம்’. இரண்டாம் பத்தியில் ‘வந்திருக்க வேண்டும்’. மூன்றாம் பத்தியில் ‘வந்திருப்பார்’. நான்காம் பத்தி தொடங்கும்போது ‘வந்தபொழுது’ என்றே எழுவாயோடு சேர்ந்துவிடுகிறது. இடையில் புதிய சான்று ஒன்றும் நுழையவில்லை. விகுதி மட்டும் மாறியது. திறனாய்வோடு படிப்பது என்றால் என்ன என்று நம் மாணவர் கேட்கும்போது, பென்சிலை எடுத்து ஒவ்வொரு வினைமுற்றின் கீழும் கோடிடுங்கள் என்றே நாம் முதலில் சொல்வோம்.

தோமா பற்றிய சான்றுகள் முழுதும் வெறுமையானவை என்று நாம் கூறவில்லை. கேரள நாட்டுச் சபைகளின் பழைய வழக்கு கி.பி. 52இல் அவர் வந்தார் என்கிறது. மயிலை வழக்கு அவர் இரத்தசாட்சியாக மரித்ததைக் கூறுகிறது. சீரிய மொழியில் 3ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘தோமாவின் நடபடிகள்’ அவரைக் குந்தபோரன் என்னும் அரசனிடம் கொண்டு செல்கிறது. இவ்வரசன் கற்பனை என்று நெடுநாள் கருதியிருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு எல்லைப்புறத்தில் அவன் பெயர் பொறித்த காசுகளும், தக்தி பாகியில் ஒரு கல்வெட்டும் கிடைத்தன, கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் அவன் ஆண்டது உறுதியாயிற்று. உடனே, அரசன் உண்மை, ஆகவே கதை உண்மை என்று எழுதப்பட்டது. கதையில் வரும் அரசன் உண்மையானவன் என்பதால் கதையில் வரும் செயல்கள் யாவும் நிகழ்ந்தவை ஆகா. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் வருகிறான்; அதனால் கண்ணகி வானவூர்தி ஏறியது வரலாற்று நிகழ்ச்சி ஆகிவிடுமா? நூலாசிரியருக்கு அவ்வரசனைப் பற்றிய நல்ல தகவல் எங்கிருந்தோ கிடைத்தது என்பதே அக்காசுகள் தரும் பயன். அது சிறிய பயன் அன்று. ஆனால் அதற்கு மேல் அதைச் சுமக்கச் செய்யலாகாது.

‘இந்தியா’ என்ற சொல்லும் நம்மை மயக்குகிறது. அலெக்சந்திரியாவின் ஆசிரியர் பந்தேனஸ் 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்குச் சென்றார் என்று யூசேபியஸ் எழுதியிருப்பதை நம்மவர் மகிழ்ந்து எடுத்தாள்வர். அக்காலத்துக் கிரேக்க எழுத்தில் அச்சொல் தென் அரேபியாவையும் எத்தியோப்பியக் கரையையும் குறிக்க வழங்கியதுண்டு. அதுவும் போகட்டும். பந்தேனஸ் அங்குக் கண்ட மத்தேயு நற்செய்தி நூலை விட்டுச் சென்றவர் பர்த்தொலொமேயு என்றே யூசேபியஸ் கூறுகிறார். தோமாவைப் பற்றி அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. சான்றின் பாதியை எடுத்து மறுபாதியை மூடி வைப்பது எத்தகைய படிப்பு? சொல்லை இருபொருள் பட வைத்து மயக்குவதை நன்னூலார் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக வைத்து ‘மயங்க வைத்தல்’ என்றார். முன்னுக்குப்பின் முரணாகக் கூறுவதை ‘மாறுகொளக் கூறல்’ என்றார். இவை எழுதுவோர்க்குச் சொன்னவை; படிப்போர்க்கும் உரியவை.

நன்னூலாரைக் குறித்தபோது ஒன்றைச் சொல்லி வைக்கலாம். பவணந்தி முனிவரின் ஊராகிய சனகை அல்லது சனகாபுரம் என்பது பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே என்பதில் கொங்கு மக்களுக்குப் பெருமிதம் உண்டு. விஜயமங்கலத்துச் சமணக் கோயில் அண்மையில் இருப்பது அக்கருத்துக்கு வலிவு தருகிறது. எனினும் கங்க நாட்டுச் சிற்றரசன் சீயகங்கன் வேண்ட எழுதப்பட்ட நூல் அது. மைசூர்ப் பக்கத்துக்கும் அப்பெருமையைக் கோருவோர் உளர். ஊர்ப்பெயரின் ஒலி ஒற்றுமை ஒன்றையே ஏதுவாக வைத்தால், நம் ஊர்ப் பெருமைக்கு நாம் ஒரு தராசும் தோமா வாதத்துக்கு வேறொரு தராசும் பிடித்தவராவோம்.

மூன்றாம் நான்காம் கண்ணிகளுக்கு வருவோம். திருக்குறளையும் கிறிஸ்தவத்தையும் கற்றோர் மன்றத்தில் இணைத்துப் பேசியவருள் தலையாயவர் ஜி. யு. போப் ஐயர். 1839இல் சென்னை வந்து, சாயர்புரத்திலும் பின்னர் உதகையிலும் பணியாற்றி, 1886இல் திருக்குறளை ஆங்கிலச் செய்யுளில் பெயர்த்து வெளியிட்டவர். தமிழுக்கு அவர் செய்த தொண்டை நம் சொல் உயர்த்தப் போவதில்லை, தாழ்த்தவும் இயலாது. ஆயினும் அப்பதிப்பின் முன்னுரையில் அவர் வாதம் செல்லும் வழியைப் பார்க்க வேண்டும். குறள் கி.பி. 800க்கும் 1000க்கும் இடைப்பட்டது என்று அவர் கருதுகிறார். மயிலையில் அப்போது கிறிஸ்தவர் இருந்தனர் என்கிறார். பிறகு வள்ளுவர் கிறிஸ்தவ போதகரோடு கடற்கரையில் உலாவி, அலெக்சந்திரியப் பள்ளியின் சாயல் கலந்த கருத்துகளைக் கேட்டுத் தம் நூலில் அமைத்துக்கொண்டதாக மனக்கண்ணால் கண்டு, அவ்வாறு காண்பதற்கு நமக்கு உரிமை உண்டு என்கிறார். மனக்கண்ணால் காண உரிமை யாருக்கும் உண்டு. அக்காட்சி அழகியது, ஓவியர் எழுதினால் நாமும் வாங்கி மாட்டுவோம். ஆனால் அது ஏது ஆகாது. நிறுவ வேண்டிய சந்திப்பையே முதலில் கற்பனையில் நிகழ்த்திக்கொண்டு, அதைக்கொண்டு நூலில் உள்ள ஒப்புமைகளை விளக்கி, அவ்வொப்புமைகளைக்கொண்டு சந்திப்பை உறுதி செய்யும் வட்டம் இது.

போப் ஐயரைப் பற்றியே வழங்கும் கதை ஒன்றும் இங்கு நினைவுக்கு வருகிறது. தம் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று பொறிக்கச் செய்தார் என்பது தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த செய்தி. அவர் 1908இல் மறைந்தார். கல்லறை ஆக்ஸ்போர்டில் தூய செபுல்கர் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் உள்ளது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு நாட்டிய கல் என்று அதில் எழுதியிருக்கிறது. தமிழ் மாணவன் என்ற தொடர் அதில் இல்லை. ஆயிரம் மேடைகளில் சொல்லப்பட்டது என்பது ஒன்றை உண்மையாக்காது. உண்மைக் கல்வெட்டு, கட்டுக்கதையினும் நெஞ்சைத் தொடுவதாகவே நமக்குப் படுகிறது.

போப் ஐயரின் கருத்தினும் மிகத் துணிந்த வடிவம் மு. தெய்வநாயகம் அவர்களின் ‘திருவள்ளுவர் கிறித்தவரா?’ என்ற 1969ஆம் ஆண்டு நூலோடு எழுந்தது. பின்னர் விவிலியம், திருக்குறள், சைவ சித்தாந்தம் மூன்றையும் ஒப்பிடும் பெரிய ஆய்வாகவும் அது வளர்ந்தது. உழைப்பு மிகுந்த எழுத்து. அதை எள்ளி நகையாடுவது முறையன்று. இந்நெறியில் செல்வோர் காட்டும் மிக முதன்மையான ஏது யாதெனில், குறளின் முதல் மூன்று அதிகாரங்கள் திரித்துவத்தைக் குறிக்கின்றன என்பது: கடவுள் வாழ்த்து பிதாவையும், வான்சிறப்பு பரிசுத்த ஆவியையும், நீத்தார் பெருமை தம்மையே ஈந்த குமாரனையும் குறிக்கும் என்பர். கேட்ட மாத்திரத்தில் மனம் துள்ளுகிறது. அமைதியாக அதிகாரங்களைத் திறந்து படித்தாலோ துள்ளல் அடங்குகிறது. பாயிரத்தில் அதிகாரங்கள் நான்கு. நான்காவதாகிய அறன் வலியுறுத்தல் எவ்வாளைக் குறிக்கும்? வான்சிறப்பில் பேசப்படுவது உழவர் ஏர் ஓட்டுவதற்கும், வானோர்க்கு விழாவும் பூசையும் நடப்பதற்கும் வேண்டிய மழை. நீத்தார் பெருமையில் புலன்களை வென்ற துறவியரின் ஆற்றலுக்குச் சான்றாக இந்திரன் வருகிறான். நீத்தார் பலர், குமாரன் ஒருவர். பொருந்துவதை எடுத்துப் பொருந்தாததை விடுத்தால், எந்நூலையும் எச்சமயத்துக்கும் உரியதாக்கலாம்.

ஆக்கியும் உள்ளனர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் குறளைச் சமண நூலாக விளக்கினார். மலர்மேல் நடந்தவன் என்னும் பொருள்பட்ட அடைமொழி அருகனுக்கே பொருந்தும் என்பது அத்தரப்பின் வலிய ஏது. அதே அடைமொழிக்குப் பரிமேலழகர் வேறு பொருள் கண்டார். சைவரும் பௌத்தரும் தத்தம் ஏதுக்களை வைத்துள்ளனர். ஒரே குறட்பா நான்கு சமயத்தாருக்கும் ஏது ஆகுமாயின், அறவண அடிகள் அதை எந்தப் பெட்டியில் இடுவார் என்பது வெளிப்படை.

காலத்தைப் பற்றியும் ஒரு வியப்பு உண்டு. போப் ஐயருக்குக் கிறிஸ்தவத் தொடர்பைக் காட்டக் குறள் பிற்காலத்தது ஆதல் வேண்டியிருந்தது. 9ஆம் நூற்றாண்டு உதவியது. தோமாவின் போதனை வழியில் வள்ளுவரை வைப்போர்க்கோ முற்காலமே உதவுகிறது. முடிபு ஒன்று, அதற்கான ஏதுக்கள் ஒன்றையொன்று அழிப்பவை. முடிபு முன்னரே உறுதியாகி, காலம் அதற்கேற்ப வெட்டித் தைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் வேண்டுமா? மறுதரப்பார், தமிழக அரசு ஏற்றுள்ள திருவள்ளுவர் ஆண்டு கி.மு. 31இல் தொடங்குவதைக் காட்டி, கிறிஸ்துவுக்கு முற்பட்டவர் எவ்வாறு கிறிஸ்தவராவார் என்று வினவுவர். அரசாணை ஆண்டுக் கணக்கை நிறுவும். புலவரின் பிறப்பை நிறுவாது. அதுவும் ஏதுப்போலியே.

மறுதரப்பைப் பற்றி இன்னும் இரண்டொரு சொல். தெய்வநாயகம் அவர்களின் ஒப்பாய்வுக்குத் தருமபுர ஆதீனத்தின் சார்பில் அருணை வடிவேலு முதலியார் எழுதிய மறுப்பு நூல் 1991இல் வெளிவந்தது. கருத்துக்குக் கருத்தால் விடை கூறும் அம்முறையை நாம் மதிக்கிறோம். மேடைப் பேச்சுகளில் நாம் கேட்பதோ வேறு. ‘போப் பாதிரியார், மதம் மாற்ற வந்தவர், ஆகவே அவர் சொன்னது பொய்’ என்பர். சொன்னவர் யார், ஏன் சொன்னார் என்பது நம்மை எச்சரிக்கலாம். சொன்னது பொய்யா மெய்யா என்பதை அது தீர்க்காது. ‘தோமா வந்தது நிறுவப்படவில்லை, ஆகவே போர்த்துகேசியருக்கு முன் இந்நாட்டில் கிறிஸ்தவமே இல்லை’ என்பர். 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் கடலோடி மலபார்க் கரையிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர் இருந்ததை எழுதி வைத்தார். பரங்கிமலையில் 1547இல் கிடைத்த பாரசீகச் சிலுவையின் பஹ்லவி எழுத்தும் அவ்வாறே பழைமையைச் சாற்றுகிறது. ஒரு வாதம் தவறு என்பதால் அதன் முடிபும் தவறு என்று கொள்வது மற்றொரு பிழை. புகை என்று நினைத்தது பனியாகவே இருக்கட்டும். அம்மலையில் நெருப்பு இல்லை என்று அதனால் ஆகிவிடாது. தோமா வந்திருக்கலாம். அந்த ‘லாம்’ விகுதியோடு நாம் நின்றுகொள்கிறோம்.

இதுவரை ஏதுக்களைப் பார்த்தோம். பக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் பார்வையில் இதுவே மிகக் கனமான குறை. தன் சமய நூலுக்கே மாறான கூற்றை ஒருவன் நிறுவப் புகுவதை ‘ஆகம விருத்தம்’ என்று மணிமேகலை பக்கப்போலியுள் சேர்க்கிறது. குறளில் உயர்ந்த அறம் இருக்கிறது. உயர்ந்த அறம் கிறிஸ்தவ மூலத்திலிருந்தே வர முடியும். ஆகவே குறள் கிறிஸ்தவ நூல் என்பதே இவ்வாதங்கள் அனைத்துக்கும் அடியில் கிடக்கும் சொல்லாத கூற்று. நடுவில் உள்ள வாக்கியத்தை வெளியே எடுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். அதைத் திருமறை எங்கே சொல்கிறது? நியாயப்பிரமாணம் இல்லாத புறவினத்தாரின் உள்ளத்திலும் அதன் கிரியை எழுதப்பட்டிருப்பதாகப் பவுல் உரோமருக்கு எழுதினார். லீஸ்திராவில், கடவுள் மழையையும் விளைச்சலையும் தந்து எல்லா மக்களிடத்தும் தமக்குச் சாட்சி வைத்திருக்கிறார் என்று பேசினார். மாமன்றத்தில் அத்தேனே மக்களின் நடுவே நின்றபோது கிரேக்கப் புலவனின் அடி ஒன்றை எடுத்தாண்டார். அது சிலிசியா நாட்டு அராத்துவின் அடி, பவுலும் அந்நாட்டவரே. அராத்து மோசேயைப் படித்தவன் என்றோ, எருசலேமில் தங்கிக் கற்றவன் என்றோ அவர் சொல்லவில்லை. புலவனைப் புலவனாகவே விட்டு, அவன் கண்ட உண்மையை உண்மை என்று ஒப்பினார். பிளேட்டோ மோசேயிடம் கடன் வாங்கினான் என்று ஜஸ்டினும் கிளமெந்தும் பின்னாளில் வாதிட்டபோது, அப்போஸ்தலனின் அப்பெருந்தன்மையிலிருந்து திருச்சபை ஓரடி பின்வாங்கியது என்றே நாம் எண்ணுகிறோம். வள்ளுவரைக் கிறிஸ்தவராக்கும் முயற்சியும் அதே அடி. தீமை செய்தவருக்கு நன்மை செய்வது பற்றிய போதனை நீதிமொழிகளிலும், பவுலின் நிருபத்திலும், குறளிலும், பௌத்தரின் தம்மபதத்திலும் ஒத்திருக்கிறது. பவுல் நீதிமொழிகளையே எடுத்தாண்டார்; மற்றவரோ ஒருவர் ஏட்டை ஒருவர் பார்த்து எழுதவில்லை.

இது ஏட்டுப் பிழையாக மட்டும் நின்றுவிட்டால் நாம் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டோம். கொங்குச் சிற்றூரில் வளரும் கிறிஸ்தவப் பிள்ளை பள்ளியில் குறளைப் பொருளோடு கற்கிறது. ஆலயத்தில் ‘வள்ளுவர் நம்மவர்’ என்று கேட்கிறது. கல்லூரிக்குச் சென்று, நல்ல தமிழாசிரியர் ஒருவரிடம் இந்திரனையும் இருவினையையும் செய்யவளையும் பற்றிய பாக்களைப் படிக்கிறது. அன்று அப்பிள்ளை கைவிடுவது தோமா வாதத்தை மட்டுமா? அதே பிரசங்க பீடத்திலிருந்து கேட்ட மற்றவற்றையும் அதே நிறையில் வைத்துப் பார்க்கத் தொடங்குகிறது. யோபுவின் நண்பர் கடவுளுக்கு வேண்டி வழக்காடுவதாக எண்ணி உண்மை அல்லாததைப் பேசினர். அதற்காகவே யோபு அவர்களைக் கடிந்துகொண்டார், 13ஆம் அதிகாரத்தில். நூலின் இறுதியில் கடவுளும் அந்நண்பர்பக்கம் நிற்கவில்லை.

வெள்ளலூர்க் காசைப் பிரசங்கத்தில் பயன்படுத்தவே கூடாதா என்று கேட்பார் உளர். தாராளமாகப் பயன்படுத்தலாம். மத்தேயு 22இல் ஆண்டவரிடம் கொண்டு வந்த காசு திபேரியுவின் வெள்ளித் தெனாரியம் என்று விளக்கவுரையாளர் பொதுவாகக் கருதுவர். இராயனின் உருவம் என்பதைத் தவிர நற்செய்தி நூல் பெயர் எதுவும் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். அவ்வகைக் காசு நொய்யல் கரையில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கிறது என்று சொன்னாலே கேட்போர் நிமிர்ந்து உட்காருவர். அப்பகுதியே ஒரு தருக்கப் பாடமும் ஆகும். வரி கொடுக்கலாமா, கூடாதா என்று இரண்டே வாசல்களைத் திறந்து வைத்து, எதில் நுழைந்தாலும் அகப்படும்படி கேள்வி கட்டப்பட்டிருந்தது. ஆம் என்றால் மக்கள் பகை. இல்லை என்றால் அரசின் பகை. ஆண்டவர் இரண்டிலும் நுழையவில்லை. காசைக் கேட்டு வாங்கி, கேள்வியின் கட்டுமானத்தையே கலைத்தார். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றோரா என்று சீடர் கேட்டபோதும் அவ்வாறே செய்தார்.

இறையியற் கல்லூரிகளில் பிரசங்கக் கலை கற்பிக்கும் முதலாண்டிலேயே மணிமேகலையின் 29ஆம் காதையையும் பாடமாக வைக்க வேண்டும் என்பது நம் பரிந்துரை. உ. வே. சாமிநாதையர் 1898இல் வெளியிட்ட பதிப்பின் குறிப்புரை பயன்படும். ஆயினும் தொடக்க மாணவருக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையே எளிது. வேங்கடசாமி நாட்டார் மறைந்ததால் இறுதிக் காதைகளுக்கு உரை எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. தருக்கப் பகுதி முழுதும் அவர் கைப்பட்டது. வடமொழிச் சொற்கள் செறிந்த பகுதியாதலால் முதல் வாரம் சற்றுக் கடினமாக இருக்கும். ஒவ்வொரு போலிக்கும் மாணவரே தம் ஊர் ஆலயத்தில் கேட்ட பிரசங்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு எழுதி வரச் சொன்னால், இரண்டாம் வாரத்துக்குள் 14 ஏதுப்போலிகளும் நிரம்பிவிடும்.